எல்லாப் பழியும் ஊசி மேலா?

சிசேரியன் ஆன பெண்கள் நாலு பேர் கூடினால் போதும், "முதுகுல ஊசி போட்டாங்களே, அன்னிக்குப் பிடிச்ச வலி" என்ற பேச்சு வந்துவிடும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். பேச்சுக்குக் கேட்பானேன்!

ஆனால் எதற்கெடுத்தாலும் ஊசியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதுதான் ஆபத்து என்பேன்.

எங்கள் ஒரகடம் பக்கம் கம்பெனியில் நின்றபடி வேலை செய்யும் ஒரு பெண். விடிய விடிய வலி எடுத்து, கடைசியில் சிசேரியன். மறுநாள் ஒரு பாதம் தூக்க வரவில்லை. செருப்பு கழன்று விழுகிறது. "ஊசி மரப்பு, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் தைலம் தேய்த்தே ஒரு மாதம் போனது. பிறகு நரம்பு டாக்டர் பார்த்து, வலி நேரத்தில் காலை மடக்கிப் பிடித்ததில் முழங்காலுக்குக் கீழே நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

பிரசவத்துக்குப் பின் வரும் கால் மரப்பில் பெரும்பாலானவை இப்படித்தானாம். குழந்தையின் தலை இடுப்பு நரம்பை அழுத்தினாலும் வரும். அநேகமாகச் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும். ஊசியால் நிரந்தரப் பாதிப்பு மிக மிக அபூர்வம். பிரிட்டனில் 2009-ல் வெளியான ஆய்வில், எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்தே லட்சத்துக்கு 4 பேர் அளவுதான். பிரசவத்தில் அதைவிடக் குறைவு.

அபூர்வம் என்று அசட்டையாகவும் இருக்கக் கூடாது. ஊசி போட்டு நாலு மணி நேரமாகியும் காலைத் தூக்க முடியவில்லை, மரப்பு குறைவதற்குப் பதில் கூடுகிறது, சிறுநீர் வருவதே தெரியவில்லை, காய்ச்சலோடு கடும் முதுகுவலி என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காலைக் காப்பாற்றலாம்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்று. இ.எஸ்.ஐ.யில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் மகப்பேறு உதவி உண்டு. பிரசவத்தால் வந்த கோளாறு என்று டாக்டர் சான்று தந்தால் மேலும் ஒரு மாதம் கிடைக்கும். "ஊசி மரப்பு" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் அந்தச் சான்றுக்கு எங்கே போவது?

வீட்டுக்கு அனுப்பும் முன் தாயை நாலு அடி நடக்கவிட்டு, இரண்டு பாதத்தையும் தூக்கச் சொல்லிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஆபத்து அறிகுறிகளைத் தமிழில் ஒரு சீட்டில் அச்சடித்துத் தரட்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலப் பெண்களுக்கு இந்தியிலும் தரட்டும். குழந்தையின் எடையை எழுதித் தருகிறார்களே, தாயின் காலையும் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?

- ஒரு குடும்பத்தலைவி, ஒரகடம்.