ஒரு மாத உபதேசியார்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் வாலிபர் முகாம் நோட்டீஸ்கள் வந்து விழும். மலைமேல் ஒரு ரிட்ரீட் சென்டர், மூன்று நாள், சாப்பாடும் தங்குமிடமும் கட்டணத்தில் அடக்கம், வெளியூர்ப் பிரசங்கியார், கீபோர்டு, டிரம்ஸ், கடைசி ராத்திரி கேம்ப் ஃபயர். அந்த நெருப்பைச் சுற்றி உட்கார வைத்து, மிஷனெரி ஊழியத்துக்கு யாரெல்லாம் ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பாதிப் பிள்ளைகள் அழுதுகொண்டே கை தூக்கும். ஜூன் மாதம் காலேஜ் திறந்தபின் தூக்கிய கை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை.

முகாமே வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. மே மாத வி.பி.எஸ்.ஸில், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளியில், பாட்டுப் பாடி, ரஸ்னா குடித்து, மனப்பாட வசனத்துக்குப் பென்சில் டப்பா வாங்கி வளர்ந்தவன்தான் நானும். நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு என்ற பெரிய மிஷனெரி இயக்கமே அப்படி வி.பி.எஸ். நடத்தப் போன வாலிபர்கள் 1959-இல் கூடி ஜெபித்ததில் பிறந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் முதல் மிஷனெரியை அனுப்பியது 1967-இல். நடுவில் எட்டு வருஷம் இருக்கிறது. அந்த எட்டு வருஷத்தை நாம் மூன்று நாளாகச் சுருக்கிவிட்டோம் என்பதுதான் என் ஆவலாதி.

நம் ஜில்லாவில் இதற்கு வேறொரு முறை இருந்தது. தாமஸ் ராக்லண்ட் என்று ஒரு குருவானவர். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தவர். சென்னையில் சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தின் செயலாளராகக் கணக்கும் கடிதமும் பார்த்துக்கொண்டிருந்தவர், 1854-இல் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வட திருநெல்வேலிக்கு வந்தார். இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற சிவகாசி அப்போது திருநெல்வேலி ஜில்லா. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத் என்று தெற்கே சபைகள் செழித்துக் கிடக்க, வடக்கே போவாரில்லை. ராக்லண்டும் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களும் பங்களா கட்டவில்லை. கூடாரம்தான். ஓர் ஊர்ப் பக்கம் அடிப்பது, சுற்றியுள்ள கிராமங்களுக்குக் காலையும் மாலையும் போவது, பிறகு பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊர். சித்திரை வெயிலில் சிவகாசிக் கரிசலில் துணிக் கூடாரத்துக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ராக்லண்டுக்கு நுரையீரல் வியாதி வேறு. 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியிலேயே இறந்தார்.

ராக்லண்டின் தியாகத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம். எனக்கு அவரைவிட முக்கியமாகப் படுவது அவர் செய்த ஓர் ஏற்பாடு. தெற்கே இருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களை மாத முறை வைத்து வடக்கே அனுப்பின. செலவும் சபையுடையது. ஒரு மாதம் கூடாரத்தோடு கூடாரமாக அலைந்துவிட்டு அவர் ஊர் திரும்புவார், அடுத்தவர் கிளம்புவார். அந்த உபதேசியாரை நினைத்துப் பார்க்கிறேன். சொந்த ஊரில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு, மணி அடித்தால் கூடுகிற சபை உண்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை உண்டு. வடக்கே அவர் யாரோ. திண்ணையில் உட்காரலாமா என்று கேட்டுத்தான் உட்கார வேண்டும். பதில் தெரியாத கேள்விகளைச் சந்தையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்து ஊர் திரும்புகிறவர் போன ஆளாக இருக்கமாட்டார். அவரை அனுப்பிய சபையும் மாறிப்போகும், ஏனென்றால் வடக்கே என்ன நடக்கிறது என்று சொல்ல அவர்கள் வீட்டு ஆளே வந்துவிட்டார்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ராக்லண்டின் கூட்டம் பிரம்மசாரிகளின் கூட்டம். வீடு, பெண்டு பிள்ளை, அடுப்பங்கரை எதுவும் அதில் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் நாற்பது வருஷம் கழித்து வந்தார்கள். மிஷனெரி வாக்கர் ஐயரும் அவர் மனைவியும், 1895-இல் இந்தியாவுக்கு வந்து பிறகு அவர்களோடு சேர்ந்துகொண்ட ஏமி கார்மைக்கேலும், பொன்னம்மாள் போன்ற உள்ளூர்ப் பெண்கள் சிலரும் பண்ணைவிளையை மையமாக வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார்கள். பெண்கள் நகையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியேறினார்கள் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. கழுத்தும் காதும் மூளியாக இருக்கும் சுமங்கலியை ஊர் எப்படிப் பார்க்கும்?

1901-இல் ஏமியிடம் ஒரு சிறுமி அடைக்கலம் தேடி வந்தாள். பின்னால் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் சேரச் சேர ஊர் சுற்றுவது நின்றது, டோனாவூரில் குடும்பம் தங்கிற்று. குடும்பம் என்றுதான் அவர்களே சொன்னார்கள். ஏமி எல்லாருக்கும் அம்மா. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்திகள், ஆண்கள் அண்ணாச்சிகள், நம்மூர்ப் பெண் ஊழியர்கள் அக்காள்மார். வேலை பழகுவதற்கென்று தனியாக வகுப்பறை ஏது? அக்காள் கூட இருந்து கைக்குழந்தையைக் குளிப்பாட்டப் பழகிய சிறுமி, பிறகு தானே இன்னொருத்திக்கு அக்காள் ஆனாள்.

அந்தக் குடும்பம் கோடையில் மலைக்குப் போகும். டோனாவூருக்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் ஒரு காட்டுத் துண்டை 1917-இல் வாங்கினார்கள். பிள்ளைகள் ஆற்றுத் தடாகத்தில் குதித்து நீந்தவும் பாறையில் ஏறவும் அங்கேதான் படித்தார்கள். (ஆசைப்பட்டு யாரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். இன்றைக்கு அந்த மலைத்தொடரில் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம்.)

வெள்ளாளன்விளை அசரியாவையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். 1902-இல் யாழ்ப்பாணம் போனவர், அங்கே தமிழ் மாணவர்கள் தங்கள் காசைச் சேர்த்து நம் ராமநாதபுரக் கரையில் தொண்டிக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். கடல் தாண்டி நமக்கு அவர்கள் ஆள் அனுப்புகிறார்கள், நாம் யாருக்கு அனுப்புகிறோம் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. மறு வருஷமே திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்த அரிசியில் வளர்ந்த சங்கம் அது. அசரியா அனுப்பியதோடு நிற்கவில்லை. 1909-இல் தாமே நிஜாம் ராஜ்யத்தில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் போனார், மனைவி அன்பு மரியம்மாளும் உடன். தெலுங்கு படித்து, பேராயர் ஆன பிறகும் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களுக்குப் போய் முகாமிட்டார். அவர் பயிற்சிக்குச் சேர்த்த கிராம உபதேசியார்கள் மனைவியோடு வந்து படித்தார்கள். கணவன் மட்டும் படித்தால் ஊழியம் பாதிதான் நடக்கும் என்பது அந்தப் பேராயருக்குத் தெரிந்திருந்தது. நம் கமிட்டிகளுக்கு இன்னும் தெரியவில்லை.

குடும்பமாகப் போவதில் விலையும் குடும்பமாகவே கொடுக்க நேரும். கிரஹாம் ஸ்டெயின்ஸை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒடிசாவில் பாரிபதா தொழுநோய் இல்லத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவர், மனோகர்பூரில் வருஷாவருஷம் நடக்கும் காட்டு முகாமுக்கு, ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மகன்களையும் விடுமுறையில் கூட்டிப் போயிருந்தார். 1999 ஜனவரியில் வண்டிக்குள் தூங்கிய மூவரையும் எரித்தார்கள். பிலிப்புக்குப் பத்து வயது, தீமோத்தேயுவுக்கு ஆறு. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்ன அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் தொழுநோயாளிகளை விட்டுவிட்டு உடனே ஊருக்குப் போய்விடவில்லை. கை தூக்கச் சொல்லுகிற பிரசங்கியார் பிள்ளைகளிடம் இதையும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பிறகு கேட்கட்டும்.

வடமாநிலங்களில் வேலை செய்யும் நம் மிஷனெரிகள் கொடுக்கும் விலை வேறு மாதிரி. பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தெற்கே டோனாவூரில் உள்ள சந்தோஷ வித்யாலயா போன்ற பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு, லீவுக்கு லீவு முகம் பார்க்கிற தகப்பன்மார் எத்தனையோ பேர். இவர்களை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துகிறோம். இவர்கள் வீட்டில் போய் நம் பிள்ளைகள் ஒரு மாதம் இருந்ததுண்டா?

எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் குடும்பம் அப்படிச் செய்கிறது. அவர், நர்ஸாக இருக்கும் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பழைய வேன், கூடாரங்கள். கோடை லீவில் சபை வாலிபர்கள் நாலைந்து பேரையும் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு பணித்தளத்துக்குப் போவார்கள். கிளம்புமுன் மெஞ்ஞானபுரம் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒத்திகை. போன முறை வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். சிவந்த மணலில் ஓர் இன்ஜினியரிங் மாணவன் கூடார ஆப்பை அடிக்க அடிக்க அது பிடுங்கிக்கொண்டே வந்தது.

“அண்ணாச்சி, நிக்க மாட்டேங்கு.”

வாத்தியார் பதில் சொல்லவில்லை. அவருடைய பன்னிரண்டு வயது மகள் ஒரு காலிச் சாக்கை எடுத்து வந்தாள். “அண்ணே, தேரியில ஆப்பு நிக்காது. சாக்குல மண்ணள்ளிப் போட்டு, கயித்த அதுல கெட்டிப் பொதைச்சிருங்க” என்று சொல்லி, தானே முழங்கால் போட்டுக் குழி தோண்டினாள். சாயங்காலக் காற்றில் அந்தக் கூடாரம் அசையவில்லை. ராத்திரி உப்புமா கிண்டியதும் சட்டி தேய்த்ததும் பையன்கள்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உப்பு மட்டும் பார்த்தார்கள்.

அவர்கள் வேனில் சில சட்டங்கள் உண்டு. போகிற ஊரில் மைக் கிடையாது. ஊர்ப் பெரியவரைப் பார்த்துச் சொல்லாமல் கூடாரம் அடிப்பதில்லை. முதல் வாரம் யாரும் பிரசங்கம் பண்ணக்கூடாது. அந்த ஊர்ப் பாஷையில் தண்ணீர் கேட்கவும் நலம் விசாரிக்கவும் படிக்க வேண்டும், மிஷனெரி அக்காள் வீட்டுக்கு விறகு சுமக்க வேண்டும். மூக்கொழுகும் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கூடாது. கடைசிச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் பிள்ளையை யாராவது அப்படி எடுத்துப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? பெற்றோரைக் கேட்காமல் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வதும் இல்லை. குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையில்லை. விசுவாசத்தைச் சொல்ல நமக்குள்ள உரிமை, வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உண்டு.

இந்தக் குடும்பத்தோடு போய் வந்தவர்களில் முழுநேர ஊழியத்துக்குப் போனவர்கள் அதிகமில்லை. ஒரு பையன் எனக்கு இது ஆகாது என்று திரும்பிவந்து வங்கி வேலைக்குப் படிக்கிறான். அதையும் நல்ல பலன் என்றே சொல்வேன். பணித்தளத்தில் மூன்றாம் வருஷம் தெரிய வேண்டியது அவனுக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. ஊழியத்துக்கு மாதா மாதம் காணிக்கை அனுப்புகிறான், யாருக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்புகிறான்.

இந்த மே மாத முகாமுக்கு உங்கள் சேகரக் கமிட்டியில் பட்ஜெட் போடுவார்கள். அப்போது யாராவது எழுந்து கேளுங்கள். மேடைக்கும் லைட்டுக்கும் சவுண்டு சிஸ்டத்துக்கும் போகிற தொகையில், ஒரு குடும்பத்தையும் மூன்று வாலிபர்களையும் நம் சபை தாங்குகிற மிஷனெரி வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பலாம். ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள், மே மாதத்தில் கிடைக்காது.