இடது செருப்பு, வலது செருப்பு

தை பிறந்தால் தஞ்சை வட்டாரத்தில் சம்பா அறுவடை. நெல் தூற்றும் களத்தில் சுணை பறக்கும். தும்மலும் அரிப்பும் கூடவே வரும். உடனே செட்டிரிசின் மாத்திரை.

இந்த மருந்தின் மூலக்கூறு இடது, வலது செருப்பு மாதிரி இரண்டு வடிவங்களின் கலவை. உடலில் ஹிஸ்டமின் ஒட்டும் 'ஏற்பி'யில் கச்சிதமாகப் பொருந்துவது ஒன்றுதான். அதை மட்டும் பிரித்தெடுத்ததே லெவோசெட்டிரிசின். அதனால்தான் 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 போதும்.

கஞ்சாவிலும் இதே கதை. போதை தரும் டி.எச்.சி. மூளையின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும். ஆய்வகத்தில் செய்த அதன் கண்ணாடி பிம்பத்துக்கு அந்தப் பிடி இல்லை.

'5 தானே' என்று லெவோவில் இரண்டு விழுங்கினால், இரண்டு செட்டிரிசின் போட்டதற்குச் சமம். தூக்கம் கண்ணைச் சுழற்றும். டிராக்டர் ஓட்டுபவர்கள் ஜாக்கிரதை!