கடலை மிட்டாய், உளுந்து... ஆன்லைனில் வீட்டுக்கு விற்பதா, வியாபாரிக்கு விற்பதா? என்ன வித்தியாசம்?

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது வெளியூரில் இருப்பவர்களும் செல்போனிலேயே அதை ஆர்டர் செய்கிறார்கள். "மிட்டாய் ஆன்லைன்ல விக்குதுன்னா, நம்ம உளுந்து விக்காதா?" என்று பசுவந்தனை பக்கத்து மானாவாரி விவசாயிகளுக்குத் தோன்றுவது இயல்பு. விற்கும். ஆனால், வீட்டுக்கு விற்பதா, வியாபாரிக்கு விற்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

வாங்குபவர் யார்?

வீட்டுக்கு வாங்குபவர் படத்தைப் பார்ப்பார், மற்றவர்கள் கொடுத்த ஸ்டார்களைப் பார்ப்பார், ஐந்து நிமிடத்தில் ஆர்டர் போட்டுவிடுவார். அரை கிலோ, ஒரு கிலோ போதும். வியாபாரி அப்படியல்ல. சாம்பிள் கேட்பார், ஈரப்பதம், கல், தூசி பார்ப்பார், மூட்டைக் கணக்கில் விலை பேசுவார். சரக்கு பிடித்துவிட்டால் மறுபடி மறுபடி வாங்குவார்.

பொருளையும் பார்க்க வேண்டும். கோழித்தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்துக்கு வீட்டு வாடிக்கையாளரைத் தேடிப் பயனில்லை. உளுந்துக்கும் கடலை மிட்டாய்க்கும் இரண்டு வழியும் உண்டு.

லாபம் எதில் அதிகம்?

சில்லறை விலை பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு கிலோ பார்சலுக்குக் கூரியர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதையே மூட்டையாக லாரியில் ஏற்றினால் கிலோவுக்கு ரெண்டு, மூணு ரூபாயில் முடிந்துவிடலாம். இணையதளத்தின் கமிஷன், அட்டைப்பெட்டி, உடைந்து திரும்பி வரும் பார்சல் எல்லாம் சில்லறைக் கணக்கில்தான் சேரும். இதையெல்லாம் கழித்த பிறகு நிற்பதுதான் லாபம்.

பணம் எப்போது வரும்?

இங்கேதான் பெரிய வித்தியாசம். வீட்டு வாடிக்கையாளர் பொருளுக்கு முன்போ, பொருள் கைக்கு வந்ததுமோ பணம் கொடுத்துவிடுவார். இணையதளம் சில நாள் கழித்து அதை விற்பவருக்கு அனுப்பும். வியாபாரி கடன் கேட்பார். "அடுத்த வாரம் போட்டு விடுறேண்ணே" என்பது மாதக்கணக்கில் இழுக்கலாம்.

இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் கூட்டு வட்டி. மிட்டாய் தயாரிப்பவர் 'உத்யம்' பதிவு செய்து இந்தப் பாதுகாப்பைப் பெறலாம். விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு இது பொருந்தாது. அவர் கடனுக்குச் சரக்கு கொடுக்கும்முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

விதிகள் ஒன்றா?

இல்லை. வீட்டுக்கு விற்கும் பாக்கெட்டில் எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். பொருள் சரியில்லை என்றால் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மறுவிற்பனைக்கு வாங்கும் வியாபாரி சட்டப்படி நுகர்வோர் அல்ல. அவருடன் வரும் தகராறை ஒப்பந்தமும் பில்லும்தான் தீர்க்கும். எனவே தரம், எடை, பணம் தரும் தேதி மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஜிஎஸ்டி-யிலும் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு இணையச் சந்தைத் தளங்களில் பொருள் விற்க, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர் சேர்க்கை எண் பெற்று, சொந்த மாநிலத்துக்குள் பதிவில்லாமல் விற்கலாம். ஆனால் வாங்கும் வியாபாரி உள்ளீட்டு வரிச் சலுகைக்காக ஜிஎஸ்டி பில் கேட்டால், பதிவு இல்லாதவரால் கொடுக்க முடியாது.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் பத்து பார்சல் கட்ட ஆளும், போனில் வரும் புகாருக்குப் பதில் சொல்லப் பொறுமையும் இருந்தால் வீடுகளுக்கு விற்கலாம். சரக்கு நிறைய இருந்து, பணத்துக்கு ஒன்றரை மாதம் காத்திருக்க முடிந்தால் வியாபாரிகளுக்கு விற்கலாம். அறுவடை முடிந்ததும் கடன் கட்ட வேண்டிய விவசாயிக்கு இந்தக் காத்திருப்புதான் முக்கியம். கிலோவுக்கு என்ன விலை என்று கேட்பதோடு, பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்றும் அவர் கேட்டே ஆக வேண்டும்.