பேரில் ஒரு 'ஏ' கூடினால்...

பல்லாவரத்துக்கு வித்தியாசமான பெயர்கள் ஒன்றும் புதிதில்லை. இங்கே குடியிருந்த சுவாமி வேதாசலம், 1916ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதும் தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். வேதம் மறை ஆனது, அசலம் மலை ஆனது. மறைமலை அடிகள்! பிள்ளைகளும் தப்பவில்லை. திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி, சுந்தரமூர்த்தி அழகுரு, திரிபுரசுந்தரி முந்நகரழகி. வாசலில் நின்று "டேய் அறிவுத்தொடர்பு" என்று கூப்பிட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் காதில் விழுந்ததை யாரும் பிழையில்லாமல் எழுதிவிடலாம்.

இப்போது கதை வேறு. பெயர் கேட்டுப் பழகியதாகவே இருக்கும், புதுமையெல்லாம் ஆங்கில எழுத்தில்தான். எல்லாம் நியூமராலஜி செய்கிற வேலை. பரவலாகப் புழங்கும் கீரோ முறையில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு மதிப்பு. தர்ஷன் என்ற பெயரை 'டி'க்குப் பின்னால் 'எச்' போட்டு எழுதினால் கூட்டுத்தொகை 26. இரண்டும் ஆறும் எட்டு. அய்யோ, எட்டு ஆகாதே! ஒரு 'ஏ' சேர்த்தால் 27, அதாவது 9. பிரச்சினை தீர்ந்தது (கணக்குப் பதிவியலில் இப்படி டேலி பண்ணினால் முட்டை மார்க்தான்). இத்தனைக்கும் தமிழில் எழுதினால் அதே தர்ஷன்தான். பெயர் சூட்டும்போது காதில் மூன்று முறை சொல்வதும் அதேதான். அதிர்ஷ்டத்துக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

இதில் பெற்றோருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்க "இல்ல சார், ரெண்டு ஏ" என்று சொல்லப்போவது பிள்ளைதான். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டுக்குப் போகும்போதுதான் வலி தெரியும். நம்மூரில் அப்பா பெயர்தான் இனிஷியல் என்பதால், அப்பாவும் நியூமராலஜிப்படி பெயர் மாற்றியவராக இருந்தால் தொல்லை இரட்டிப்பு. அதுவும் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை என்று பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அதில் ஏறிய எழுத்து லேசில் இறங்காது.

அரசாங்கமே இதில் கையைச் சுட்டுக்கொண்டது. 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அரசாணை வெளியானது. கோயம்புத்தூருக்கு ஆங்கிலத்தில் எழுத்துகள் நீண்டுகொண்டே போக, ஊரே சிரித்தது. சுமார் ஒரு வாரத்தில் ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அரசாங்கத்துக்கு அது முடியும். தர்ஷன் வளர்ந்தபின் அந்த ஒரு 'ஏ'யை எடுக்க வேண்டுமென்றால் விண்ணப்பம், கட்டணம், அரசிதழ் அறிவிப்பு, அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆவணமாகத் திருத்தம் என்று அலைய வேண்டும்.

முந்நகரழகி என்றே வையுங்கள், தப்பே இல்லை. பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்கக் கட்டணமில்லாமல் 12 மாதம் அவகாசம் இருக்கிறது. அதற்குள் பெயரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்களேன்.