தங்கத் தேர் போகாத கடற்கரை

பெங்களூரில் புறப்பட்டு, மைசூர், காஞ்சிபுரம், மாமல்லபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு, கேரளத்து உப்பங்கழி என்று சுற்றிவிட்டு, ஆறாம் நாள் பெங்களூருக்கே திரும்பும் சொகுசு ரயில் ஒன்று உண்டு. 'கோல்டன் சாரியட்' என்று பெயர். ஹம்பியில் உள்ள கல் தேரை நினைவில் வைத்துச் சூட்டிய பெயர் அது. கர்நாடக அரசின் சுற்றுலாக் கழகம் 2008 மார்ச்சில் இதைத் தொடங்கியது. இடையில் நின்றும் ஓடியும் வந்த ரயிலை, ரயில்வேயின் சுற்றுலா நிறுவனம் ஏற்று 2024 டிசம்பரில் மறுபடியும் ஓட்டியது. பெட்டிகளுக்குக் கதம்பர், ஹொய்சளர், கங்கர் என்று அரச வம்சங்களின் பெயர்கள். உள்ளே உணவகம், மதுக்கூடம், உடம்பு பிடித்துவிடும் நிலையம் எல்லாம் உண்டு. அந்தப் பருவத்தில் கட்டணம், இருவர் சேர்ந்து ஓர் அறையில் தங்கினால், ஆளுக்கு நான்கு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல்.

இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. அண்மையில் நம் சங்கத்துக் குடும்பங்களில் மூன்று பேர், பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கோ எண்பதாம் பிறந்த நாளுக்கோ இதுபோன்ற ஒரு பயணத்தைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். ரயில் என்று இல்லை. சொகுசு வேன், வழிகாட்டி, பாரம்பரிய பங்களாவில் தங்கல், 'உள்ளூர் உணவு' என்று வகை வகையாக விற்கிறார்கள். கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். வாழ்நாள் முழுவதும் மூன்றாம் வகுப்பிலும் பேருந்தின் கடைசி இருக்கையிலும் ஊருக்குப் போய் வந்தவர்கள் ஒருமுறை குளிர்சாதன அறையில் தூங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? பணக்காரப் பயணம் என்றாலே முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த வீடுகள் எத்தனை இடிக்கப்பட்டு, தூண் தூணாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன! அவற்றுள் சில வீடுகள் இன்று நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம், யாரோ அவற்றை ஓட்டலாக்கி, விருந்தினரிடம் நல்ல வாடகை வாங்குவதுதான்.

என் கவலை வேறு. நம் ஊரை நமக்கு யார் சொல்லிக் காட்டுகிறார்கள், எந்த மொழியில் சொல்லிக் காட்டுகிறார்கள் என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒன்பது பேர் இப்படி ஒரு வழிகாட்டிப் பயணம் போனோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசின் முன்னால் நின்றபோது, என் அண்ணன் பேத்தி, பதினொரு வயது, வழிகாட்டியிடம், "அந்தப் பூனை ஏன் கையைத் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்று தமிழில் கேட்டாள். நாங்கள் வீட்டில் பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் தமிழ் அது. அவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். காலையில் ஓட்டுநரோடு நல்ல தமிழில் வம்பளந்து கொண்டிருந்தவர். குழந்தைக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அவள் அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள். அதன்பிறகு நான்கு நாளும் அவரிடம் ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொகுசு என்றால் ஆங்கிலம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான் நம்புகிறோம் என்று அவர் நினைத்துக் கொண்டார்.

இந்தச் சுற்றுகளின் வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். மாமல்லபுரத்தில் கடலைக் காட்டுவார்கள். கொஞ்சம் தாராளமானவர்கள் புதுச்சேரியையும் காட்டுவார்கள். அங்கிருந்து வண்டி உள்நாட்டுக்குத் திரும்பித் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்விடும். நடுவில் சீர்காழிக்குக் கிழக்கே தொடங்கி வேதாரண்யம் வரை நீளும் கடற்கரை பெரும்பாலும் விட்டுப்போகும். எனக்குத் தெரிந்து, தமிழ்க் குழந்தைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது.

பூம்புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் நாம் குடிப்பது காவிரித் தண்ணீர். நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டு வருகிறார்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் பந்த், பள்ளிக்கு விடுமுறை, 1991-லும் 2016-லும் நடந்ததைப் பற்றிப் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசுவது. குடகில் பிறந்து எண்ணூறு கிலோமீட்டர் ஓடி வந்த ஆறு, கடைசியில் மெலிந்த வாய்க்காலாகக் கடலில் கலக்கும் இடத்தை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டாமா? பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் பாடிய துறைமுகம் இருந்த ஊர் அது. பக்கத்துக் கீழையூரில் செங்கல் கட்டிய படகுத்துறை அகழ்வில் வெளிப்பட்டது. 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகி கதை முழுவதும் சிற்பமாக இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூடக் கதையைப் பின்தொடரலாம், பக்கத்தில் நின்று சொல்ல ஒரு பாட்டி இருந்தால்.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும் வரை 225 ஆண்டுகள் அவர்கள் அங்கே இருந்தார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் அந்தக் கரையில் இறங்கினார். வயது ஏறக்குறைய 24. தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றார். சில ஆண்டுகளுக்குள் அச்சு இயந்திரம் வந்தது; 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில் அவர் அடக்கமாகியிருக்கிறார். அவருடைய சமயம் நமக்கு வேண்டியதோ வேண்டாததோ, அது வேறு பேச்சு. ஆனால் நம் வீட்டுப் பையன், "தமிழ் எழுத்து ரொம்பக் கஷ்டம் தாத்தா, 247 இருக்கு" என்று முறையிடும்போது, அந்த மணலில் அவனை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஆசை. இதை ஆங்கிலத்தில் ஒருவர் மனப்பாடமாய் ஒப்பித்தால் என்ன சுவை இருக்கும்?

2004 டிசம்பர் 26-ஆம் தேதிக் கடல்கோளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடற்கரையில் ஒரு காலத்தில் ஆங்கிலக் கலெக்டர் இருந்த பங்களாவைப் பாரம்பரிய ஓட்டலாக்கி இருக்கிறார்கள். அதன் தாழ்வாரத்திலிருந்து கடலைப் பார்த்தால் மிக அழகாக இருக்கும். அதே கடலைப் பற்றி மீனவர் குப்பத்தில் ஓர் அம்மாவிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். இரண்டையும் கேட்டுவிட்டு வர வேண்டும். இரண்டாவதைக் கேட்கத் தமிழ் வேண்டும்.

நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நான் சிபாரிசு செய்யத் தேவையில்லை. செப்டம்பர் வந்தால் சிவாஜிநகரிலிருந்தும் பக்கத்துப் பேட்டைகளிலிருந்தும் நம்மவர் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். வேதாரண்யத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, மாத முடிவில் அங்கே உப்பு அள்ளிச் சிறை சென்ற ராஜாஜி, நம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தவர். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பெங்களூரில் தமிழ்நாட்டு அசைவம் என்றால் எல்லாப் பலகையிலும் 'செட்டிநாடு'தான். சொகுசுச் சுற்றிலும் அதேதான். நான் செட்டிநாட்டுச் சமையலுக்கு விரோதி அல்ல. கவுனி அரிசி இனிப்புக்காகக் காரைக்குடி வரை நடந்தே போவேன். ஆனால் சோழமண்டலக் கரையில் சுறாப்புட்டு இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டோடு கத்தரிக்காய் சேர்ந்த குழம்பு இருக்கிறது. நாகூரில் இறால் வைத்த வாடா, நோன்புக் கஞ்சி இருக்கின்றன. சைவர்களுக்கு டெல்டாவின் வாழைப்பூவும் கீரைத்தண்டும் போதும். இதெல்லாம் அட்டவணையில் வராது. ஏழை வீட்டுச் சாப்பாட்டை விலைக்கு வாங்குவாரா விருந்தாளி என்று பயம்.

பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு சின்ன நாடு. 2012-இல் தன் கடற்கரை நெடுக 870 மைலுக்கு நடைபாதை திறந்தது. அங்கேயும் வழிகாட்டியோடு கோட்டை, மீன், பழைய விடுதி என்று சொகுசுப் பயணம் விற்கிறார்கள். காலைப் பலகாரத்தில் என்ன வைக்கிறார்கள் தெரியுமா? பாறையில் வளரும் கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்து, ஓட்ஸ் மாவில் புரட்டிச் சுட்டது. சுரங்கத் தொழிலாளியின் பழைய சாப்பாடு. இப்போது பெருமையோடு பரிமாறுகிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வெல்ஷ் மொழி பேசத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. ஆனாலும் சாலைப் பலகையில் வெல்ஷ் இருக்கும். பெரும்பான்மை பேசாத மொழிக்கே அந்த மரியாதை. கோடிக்கணக்கில் பேசும் மொழியை நாம் ரயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஏறுகிறோம்.

எதிர்க்கருத்து எனக்குத் தெரியும். வயதானவர்களுக்கு வசதி வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு நல்ல கழிப்பறை வேண்டும். நியாயம். இந்த ஒரு காரணத்துக்காகவே பல குடும்பங்கள் லட்சங்கள் கொடுக்கின்றன என்று நினைக்கிறேன். இன்னொன்று, பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னால் பாதி புரியாது என்பது. புரியாத பாதியைப் பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ சொல்லட்டுமே. அதற்குத்தானே குடும்பமாகப் போவது?

ஆகவே சொகுசுப் பயணம் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே ஒரு நிபந்தனை போடுங்கள்: வழிகாட்டி எங்களோடு தமிழில் பேச வேண்டும், ஒரு வேளையாவது அந்தக் கரையில் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். கேட்டால் கிடைக்கும், இதுவரை கேட்டவர் இல்லை. அந்த அளவு செலவு செய்ய முடியாதவர்களுக்காகச் சங்கம் ஒன்று செய்யலாம் என்பது என் தாழ்மையான யோசனை. மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக ஓடும் மாயவரம் வண்டியில் மாலையில் ஏறினால் விடியும் நேரம் மாயவரம். அங்கிருந்து ஒரு நல்ல பேருந்து, நான்கு நாள், கழிப்பறை ஒழுங்காக உள்ள விடுதிகள் மட்டும். வழிகாட்டிக்கு வெளியே தேடவேண்டாம்; நம்மிடையே ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். கன்னட நண்பர்களையும் கூப்பிடுவோம். காவிரி பிறக்கும் இடம் அவர்களுடையது, முடியும் இடத்தையும் பார்க்கட்டும்.

மழை ஓய்ந்த பிறகு, பொங்கல் கழிந்த வாரம் தோதாக இருக்கும். இருபது பெயர் சேர்ந்தால் நான் போய் விடுதிகளைப் பார்த்து வரத் தயார். கருவாடு வாங்க நினைப்பவர்கள் இறுக மூடும் டப்பா கொண்டு வரவும்; திரும்பும் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சு வாங்க என்னால் ஆகாது.