ஆலைநகரின் இசைத்தட்டும் அதன் விமர்சகரும்

1970ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி இங்கிலாந்தில் ‘வேர்ட்டிகோ’ முத்திரையுடன் வெளிவந்த ‘பிளாக் சபாத்’ என்னும் இசைத்தட்டு, அப்பெயரையே தாங்கிய நால்வர் குழுவின் முதற் படைப்பாகும். ரொனி அயோமி, ஒஸி ஒஸ்போர்ன், கீஸர் பட்லர், பில் வார்ட் ஆகிய நால்வரும் 1948, 1949ஆம் ஆண்டுகளிற் பிறந்து, பேர்மிங்ஹாம் நகரின் அஸ்ரன் பகுதியில் வளர்ந்தவர்கள். 1969 ஒக்ரோபரில் இலண்டனில் ஒரே நாளிலே பதிவாகிய இத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் எட்டாமிடத்தையும் அமெரிக்காவில் இருபத்துமூன்றாமிடத்தையும் எய்தியது. ‘ஹெவி மெற்றல்’ என இன்று வழங்கும் இசைவகையின் தொடக்கமாகப் பலரும் இதனையே சுட்டுவர். இத்தகையதொரு படைப்பு முதலில் வசைக்கும் பின்னர் புகழுக்கும் இலக்காயிற்று. இவ்விரண்டினுள் அதற்குக் கூடிய தீங்கு செய்தது புகழே என்பது ஆராயத்தக்கது.

வசை எளிதில் விளங்கக்கூடியது. அமெரிக்க ‘றோலிங் ஸ்ரோன்’ இதழில் லெஸ்ரர் பாங்ஸ் எழுதிய மதிப்புரை, இதனைக் ‘கிறீம்’ என்ற குழுவின் தாழ்ந்த போலியெனத் தள்ளிவிட்டது. அத்தீர்ப்பில் உண்மையே இல்லையெனல் நேர்மையாகாது. தட்டிலுள்ள ‘ஈவில் வுமன்’, குறோ என்ற அமெரிக்கக் குழுவினரின் பாடல். ‘வார்னிங்’ என்பதும் பிறர் பாடலே. அதன் நடுவே கிற்றார் திசையின்றி அலையும் நீண்ட பகுதியைப் பொறுமையுடன் கேட்டு முடிப்போர் சிலரே. பாடல்வரிகளிற் பல பள்ளிச் சிறுவரின் பேய்க்கதைகளை ஒத்தவை. ஆனால், இவற்றைக் கொண்டு முழுத்தட்டையும் அளந்தவர்கள் அதன் முதல் ஆறு நிமிடங்களைக் காதில் வாங்கவில்லை.

அந்த முதற்பாடல், மழையொலிக்கும் மணியோசைக்கும் பின், மூன்றே சுரங்களால் எழுகின்றது. எமது இசைவழக்கிற் கூறினால் அவை ஆதார சட்சம், மேற்சட்சம், இடையே பிரதி மத்திமம் என்பன. சட்சத்திற்கும் பிரதி மத்திமத்திற்கும் இடைப்பட்ட இவ்வகற்சியை ஐரோப்பிய இசைநூலார் ‘இசையிலுள்ள சாத்தான்’ என்றனர். இடைக்காலத் திருச்சபை இதனைத் தடைசெய்து தண்டனை விதித்ததென்ற கதைக்கு ஆதாரமில்லை. எனினும் அக்கதையை நம்பியே இத்தட்டைச் சாத்தான் வழிபாடென்று தூற்றியோர் பலர். அதே பிரதி மத்திமம் கல்யாணி இராகத்தில் மங்களமாக ஒலிக்கின்றதே! சுரத்தில் சாத்தான் குடியிருப்பதில்லை. அதனைத் தனித்து நிறுத்தி, மிக மெதுவாக, மீண்டும் மீண்டும் இசைத்த முறையிலேயே அச்சம் பிறக்கின்றது. பாடலின் பொருளும் வழிபாடன்று. கரிய உருவொன்றைக் கண்டு நடுங்கும் ஒருவன் கடவுளிடம் அபயம் கேட்பதே அதன் உள்ளடக்கம். தட்டுறையின் உட்புறத்தில் அச்சிடப்பட்ட தலைகீழ்ச் சிலுவை வெளியீட்டாரின் வேலை. குழுவினர் அதனை முன்னரே அறிந்திருக்கவில்லை. அவர்கள் அணிந்த நேரான சிலுவைகளோ, உலோகக் கருவி செய்யும் தொழிலாளியான ஒஸ்போர்னின் தந்தை தம் கையாற் செய்து கொடுத்தவை.

முற்போக்கென்று தமக்குத் தாமே பெயர்சூட்டிக்கொண்டோரின் மறுப்பு வேறுவகையானது. உழைப்பாளர் கலையெனின் அங்கே வேலைநிறுத்தம் இருத்தல் வேண்டும், உயர்த்திய கை இருத்தல் வேண்டும். அவை இல்லாதபோது அது சீரழிவுக் கலை. இவ்வாய்பாடு தொழிலாளியைக் கொடிபிடிப்பவனாக மட்டுமே அறியும். ஒஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை செய்தவர். அயோமி தகட்டு ஆலையில் நின்றவர். குண்டுவீச்சால் இடிந்த வீதிகளுக்கிடையே வளர்ந்த இத்தகையோர்க்கு அச்சம் என்பது ஓய்வுநேரக் கற்பனையன்று. அதனை உரத்த குரலில் வெளியிடும் உரிமையை அவர்கட்கு மறுத்து, நம்பிக்கையை மட்டுமே பாடுக எனப் பணிப்பது எத்தகைய முற்போக்கு?

இவ்விரு சாராரிலும் கூடிய செல்வாக்குடையது இன்றைய புகழுரை. ஆலைச் சம்மட்டியின் ஓசையே இவ்விசையாயிற்று என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனிய கூற்று. குழுவினரே இதனை ஒத்த வார்த்தைகளைச் சொன்னதுமுண்டு. ஆயினும் கோட்பாடாக இது நிலைக்காது. அதே பேர்மிங்ஹாமில் 1964இல் தோன்றிய ‘மூடி புளூஸ்’ குழு, 1967இல் வாத்தியப் பேரணி சூழ மென்மையான பாடல்களைப் பதிவுசெய்தது. அவர்கள் காதில் அச்சம்மட்டி விழவில்லையா? சூழல் மனிதனை அழுத்தும். பாட்டை அது இயற்றித் தருவதில்லை.

அயோமியின் கை இதற்குச் சான்று. பதினேழு வயதில், ஆலையைவிட்டு விலகவிருந்த கடைசி நாளில், வராத ஒருவரின் இயந்திரத்தில் நிறுத்தப்பட்ட அவர், வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். இடக்கை வழக்கமுடையவராதலால் தந்தியை அழுத்துவது அக்கையே. தீயினால் இரு விரல்கள் பழுதுற்றும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டொன்றை ஆலை மேற்பார்வையாளர் அவருக்குக் கேட்கக் கொடுத்தார். அதன்பின் அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறைகள் செய்தார். அவற்றின்மேல் தோல் ஒட்டினார். தடித்த தந்திகளை நீக்கி பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். சுருதியைத் தாழ்த்தியதும் காயத்தின் நேர்விளைவே என்று எழுதுவோர் அதனை இம்முதற்றட்டுக்கும் ஏற்றிக் கூறுவர். அது தவறு. இத்தட்டு வழமையான சுருதியிலேயே வாசிக்கப்பட்டது. மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971இல் வந்த மூன்றாந் தட்டிலாகும். எனவே இங்கு கேட்கும் கனம் தளர்ந்த தந்தியின் தயவன்று. குறைந்த சுரங்களை எடுத்து, அவற்றைத் தாமதித்து ஒலிக்கச் செய்த முடிவே அக்கனம். ஆலை அவரிடமிருந்து விரல்நுனிகளைப் பறித்தது. இசையை அது கொடுத்ததாக எழுதுவது பறித்தவனுக்கே நன்றி கூறுவதாகும்.

பேர்மிங்ஹாம் நகரம் 2019இல் ஒரு கால்வாய்ப் பாலத்திற்கு இக்குழுவின் பெயரைச் சூட்டியது. 2023இல் அந்நகரின் அரச பாலே நிறுவனம் இவர்களின் இசைக்கு நடனம் அமைத்தது. 2025 யூலை 5ஆம் திகதி அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் இறுதியாகக் கூடி இசைத்தனர். அம்மாதம் 22ஆம் திகதி ஒஸ்போர்ன் காலமானார். நகரம் தன் மைந்தரைக் கொண்டாடுவதில் எவர்க்கும் மனக்குறை இருக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கொண்டாட்டத்தில் ஆலை ஒரு பெருமைச் சின்னமாகிவிடுகின்றது. புகையும் இரைச்சலும் பழம்பெருமையின் அலங்காரங்களாகின்றன. அன்று மைதானத்தில் அயோமி வாசித்தது, அறுபது ஆண்டுகளுக்குமுன் ஓர் இயந்திரம் நசுக்கிய அதே இரு விரல்களில் உறைகளை மாட்டிக்கொண்டேயாகும்.