துப்பாக்கிக்கு பாஸ்போர்ட் வேண்டாம்

செஞ்சிப் பக்கம் துப்பாக்கின்னு சொன்னா, காட்டுல முயல் சுடுற நாட்டுத் துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வரும். லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா தப்பு, பிடிக்கட்டும். வேணாம்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவையும் குழல்ல மருந்து கெட்டிச்சுச் சுடுற அந்த ஒத்தைக் குழாயைப் பிடிச்சுட்டு, ஆயுதத்தை ஒழிச்சாச்சுன்னு சொல்றதுதான் எனக்கு ஒப்பல.

பெரிய சரக்கு வர்ற வழி வேற. 2021 மார்ச்சில் மினிக்காய் பக்கம் 'ரவிஹன்சி'ங்கற இலங்கைப் படகை நம்ம கடலோரக் காவல்படை மடக்கியது. உள்ளே 300 கிலோ ஹெராயின், 5 ஏகே 47, 1000 தோட்டா. வழக்கு என்.ஐ.ஏ. கைக்குப் போய், சென்னை வரைக்கும் கைது நடந்தது. அதுக்கு முன்னாடி, 1990 ஜூன் 19 அன்னிக்கு கோடம்பாக்கத்துல பத்மநாபாவையும் அவர் தோழர்களையும் சுட்டதும் ஏகே 47 தான். அந்தத் துப்பாக்கி எந்த லைசென்ஸ் கடையிலும் வாங்கினது இல்லையே!

சட்டமே இல்லையா? இருக்கு. 1959 ஆயுதச் சட்டத்தை 2019 டிசம்பர்ல திருத்தினாங்க. ஒருத்தர் 3 துப்பாக்கி வச்சுக்கலாம்னு இருந்தது 2 ஆச்சு. கடத்தலுக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். நல்லதுதான். ஆனா அதெல்லாம் மாட்டினவனுக்கு. மாட்டறதுக்கு முன்னாடி கணக்குல எங்க ஓட்டை விழுதுன்னு பார்க்கணும்ல?

ஜம்மு காஷ்மீர் கதையைப் பாருங்க. 2012 முதல் 2016 வரை, தகுதியே இல்லாத வெளியூர் ஆட்களுக்கெல்லாம் சேர்த்து 2.78 லட்சம் லைசென்ஸ் கொடுத்திருக்காங்கன்னு சி.பி.ஐ. சொல்லுது. மொதல்ல மோப்பம் பிடிச்சது ராஜஸ்தான் போலீஸ், 2017ல. ஒரு மாநிலத்து ஆபீஸ்ல போட்ட கையெழுத்து இன்னொரு மாநிலத்துல துப்பாக்கியா நிக்குது. லாக் ஃபைலே பார்க்காம சர்வர் ஓட்டற மாதிரி.

"சட்டத்தைக் கடுமையாக்கினா ரவுடி கேப்பானா?"ன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். கேக்க மாட்டான். ஆனா விக்கிறவன் கேட்பான். மெக்சிகோவுல ராணுவம் நடத்துற ஒண்ணு ரெண்டு கடையிலதான் சட்டப்படி துப்பாக்கி வாங்க முடியும். அப்படியும், 2014 முதல் 2018 வரை அங்க பிடிச்சு எங்கேருந்து வந்ததுன்னு தேடிப் பார்த்த துப்பாக்கிகள்ல 70 சதவீதம் அமெரிக்காவுல இருந்து வந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தா நம்ம வீட்டுப் பூட்டு எதுக்கு ஆகும்? மெக்சிகோ அந்தக் கம்பெனிகள் மேல வழக்குப் போட்டது. 2005ல வந்த ஒரு சட்டம் கம்பெனிகளுக்குக் கவசமா நிக்க, 2025 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளிடுச்சு.

எங்க சிங்கவரம் ரங்கநாதர், தேசிங்கு ராஜா சண்டைக்கு உத்தரவு கேட்டப்ப தலையைத் திருப்பிக்கிட்டார்னு ஊர்ல சொல்வாங்க. அவர் திருப்பினது சண்டை வேண்டாம்னு. ஆயுதம் விக்கிற நாடுகள் தலையைத் திருப்பறது விக்கறது கண்ணுல படக்கூடாதுன்னு :-)

நாம மட்டும் என்னவாம்? 2013ல ஐ.நா.வுல ஆயுத வர்த்தக ஒப்பந்தம் ஓட்டுக்கு வந்தப்ப இந்தியா யாருக்கும் போடாம ஒதுங்கிடுச்சு, இன்னிக்கு வரை கையெழுத்தும் போடல. தீவிரவாதிகள் கைக்குப் போற ஆயுதத்தைப் பத்தி அதுல அழுத்தமா இல்லைன்னு நம்ம வாதம். நியாயமான குறைதான். ஆனா இவ்வளவு கடற்கரையை வச்சுக்கிட்டு வெளியில நின்னு குறை சொல்றதை விட, உள்ள போய் மாத்தச் சொல்லிச் சண்டை போடலாம்ங்கறது என் கட்சி.

உள்ளூர்ல ஒண்ணு இப்பவே செய்யலாம். தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்கல்ல? அதே கணக்கெடுப்பை வருஷா வருஷம், வாங்கின தோட்டா, சுட்ட தோட்டா எண்ணிக்கையோட எடுக்கட்டும். நாட்டுத் துப்பாக்கிக்காரர் வீட்டுக்கு அதுக்கப்புறம் போகலாம்.